தொட்டி வாழை

2010 செப்டம்பர் 18, சனி

தமிழ்ப் பள்ளி. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹீட்டர் இன்னும் போடவில்லை. மூன்றாம் நிலைப் பிள்ளைகளில் ஒருத்தரும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வரவில்லை. கேட்டால் கால்பந்து மேட்சாம். அவர்களுடைய அம்மாக்களுக்கு நான் ஏதோ இலவசமாகப் பிள்ளை பார்த்துக்கொள்கிறேன் என்று நினைப்பு.

இடைவேளையில் தங்கமணி அக்கா பிடித்துக்கொண்டார். தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் அவர் வீட்டுக்காரர் என்று பேர், நடத்துவதெல்லாம் இவர்தான். "மாறன் எப்படி இருக்கறான் கோதை? இப்ப எத்தனாவது வருசம்?" என்றார். மூன்றாம் வருஷம் என்றேன். கலிபோர்னியாவில் மெக்கானிக்கல். ரொம்பக் கஷ்டமான படிப்பாமே என்றார். ஆமாம், லீவுக்குக்கூட வர முடிவதில்லை என்றேன்.

முழுப் பொய் இல்லை. கலிபோர்னியாவில்தான் இருக்கிறான். துப்பாக்கியும் ஒரு மெஷின்தானே.

செப்டம்பர் 19, ஞாயிறு

காலை பத்துக்கு மாறனிடமிருந்து போன் வந்தது. "அம்மா க்ளாஸ் எடுக்கப் போயிருக்குது சாமி" என்றார் என் வீட்டுக்காரர். நான் சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தம் அவனுக்குக் கேட்டதோ என்னவோ.

இரண்டு வருஷமாக இப்படித்தான். பெரிய யுனிவர்சிட்டியில் சீட் கிடைத்து, நான் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடித்த மறுவாரம் அவன் மரீன் படையில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான். பதினெட்டு வயது முடிந்தால் பெற்றவர்கள் கையெழுத்து வேண்டாமாம். பள்ளிக்கூட கேன்டீனில் மேசை போட்டு ஆள் பிடிக்கிறார்கள். மரீன் என்றால் என்ன என்று இவரிடம் கேட்டேன். கடற்படை இல்லை, தரைப்படையும் இல்லை என்று ஏதேதோ விளக்கினார். முதலில் போய்ச் சாகிறவர்கள் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

அன்றைக்கு அவனிடம், இந்த வாசலைத் தாண்டினால் உனக்கு அம்மா இல்லை என்றேன். தாண்டிவிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 26, ஞாயிறு

இந்த வாரம் ஆப்கானிஸ்தான் கிளம்புகிறானாம். இவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "ஒருக்கா பேசிப்போடு கோதை" என்றார். கையில் மாவு என்றேன்.

அவர் கராஜுக்குப் போய்ப் பேசினார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. கை கழுவிவிட்டு போன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடி அடிக்கும் என்று இல்லை, சும்மா.

அக்டோபர் 2, சனி

வகுப்பு முடிந்து வந்து பருப்புப் பொடி அரைத்தேன். பூண்டு தூக்கலாக, காரம் கொஞ்சம் குறைத்து. தட்டுவடை இரண்டு ஈடு. எள்ளுருண்டை பிடித்தேன், உடைந்து போகும் என்று எடுத்துவிட்டேன். பொட்டலத்தின்மேல் அனுப்புநர் பெயர் இவருடையது. தபால் ஆபீஸ்காரி உள்ளே என்ன பொடி என்று மூன்று தடவை கேட்டாளாம். சோற்றில் போட்டுக்கொள்வது என்றாராம் இவர். விளக்கம் சொல்வதில் மன்னன்.

அக்டோபர் 3, ஞாயிறு

போன் வரவில்லை. வராது என்று தெரியும். பத்து மணிக்கு கிரைண்டர் போடவில்லை.

அக்டோபர் 17, ஞாயிறு

வந்தது. விட்டுவிட்டுக் கேட்கிறதாம். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், துணி மடித்துக்கொண்டு. பொடி வந்து சேர்ந்ததாம். அம்மா அரைத்ததா என்று கேட்டிருக்கிறான். வேறு எவ அரைப்பா என்றார் இவர். கூட இருக்கிற பையன்கள் முதலில் மண் என்று நினைத்தார்களாம், இப்போது டப்பாவை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதாம். அங்கே அவனை எல்லாரும் சென் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசிப் பேராக வைத்த அப்பா பேரை அவர்களுக்கு முழுதாகச் சொல்ல வரவில்லையாம். சீனாக்காரனா என்று கேட்டவர்கள்கூட உண்டாம்.

நன்மாறன் என்று நான் தேடித் தேடி வைத்த பேர்.

அடுத்த பொடிக்குப் பருப்பு வறுத்து வைத்தேன். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

அக்டோபர் 31, ஞாயிறு

போன் இல்லை. சாயங்காலம் மிட்டாய் கேட்டு வேஷக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். பேய், பூனை, பேய். கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 6, சனி

சங்கத்து தீபாவளி. என்னைக் கேட்காமலே குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள். மேடையில் தங்கமணி அக்கா என் பையன் கலிபோர்னியாவில் இன்ஜினீயரிங் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கைதட்டினார்கள். இவர் காலடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைசூர்பாகு கல் மாதிரி இருந்தது.

நவம்பர் 9, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கிளினிக் வேலை முடிந்து வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு பேர், டிப்டாப்பாக. மதம் பரப்ப வருகிற பையன்கள் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லக் கதவைத் திறந்தேன். நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அப்போதும் புரியவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்டார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றேன். யார் வந்தாலும் வாயில் வருகிற வார்த்தை அது.

பாவம், கழற்றினார்கள். பளபளவென்று இருந்த ஷூக்களை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கறுப்பு சாக்ஸோடு கூடத்தில் நின்றுதான் சொன்னார்கள். ஹெல்மண்ட் என்ற இடம். நடந்து போகும்போது மண்ணுக்கடியில் புதைத்து வைத்த குண்டு. உடனடியாக என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்பதற்கு அவர்கள் பாஷையில் அப்படிச் சொல்வார்கள் போல.

வயதில் மூத்தவர் ஸ்டாஃப் சார்ஜன்ட் வீலர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். இனி எல்லாவற்றுக்கும் அவர்தான் எங்களோடு இருப்பாராம். கடைசியில், கலிபோர்னியாவில் உங்கள் மருமகளுக்கும் இதே நேரத்தில் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன். எங்களுக்கு மருமகள் கிடையாது, நீங்கள் விலாசம் மாறி வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, சொல்லுங்கள் என்று பின்னால் வந்து நின்ற இவரைப் பார்த்தேன்.

இவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

நவம்பர் 10, புதன்

இவரோடு பேசவில்லை.

நவம்பர் 11, வியாழன்

இன்று முன்னாள் படைவீரர் தினமாம். தெரு முழுக்கக் கொடி. எங்களுக்காகக் கட்டினார்களா, எல்லா வருஷமும் கட்டுவார்களா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கவனித்ததில்லை.

டிவிக்காரர்கள் வந்து புல்தரையை மிதித்துவிட்டுப் போனார்கள். மதியத்திலிருந்து சங்கத்து ஆட்கள். அலுமினியத் தட்டு தட்டாகப் புளியோதரை, தயிர்சாதம். ஃபிரிட்ஜில் இடம் இல்லை. முதலில் வந்த தங்கமணி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், "எங்ககிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். பின்னால் வந்தவர்களிடம் அவரே வாசலில் நின்று, தெரியும், பெருமை பேசக்கூடாது என்று அடக்கமாக இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சங்கத்திலிருந்து எல்லாருக்கும் ஈமெயில் போயிருக்கிறதாம். தலைப்பில் தியாகி என்று போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் இன்ஜினீயர். இந்த வாரம் தியாகி. என் பிள்ளையாக மட்டும் இருக்க அவனுக்கு ஒரு நாளும் கொடுத்துவைக்கவில்லை.

நவம்பர் 13, சனி

வகுப்புக்குப் போகவில்லை.

வீலர் வந்தார். இப்போதெல்லாம் தானாகவே ஷூவைக் கழற்றிவிடுகிறார். உடலை எங்கே கொண்டுபோவது, புதைப்பதா எரிப்பதா என்று முடிவு செய்கிற உரிமை மனைவிக்குத்தானாம். நன்மாறன் அப்படித்தான் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். பத்து மாதம் சுமந்தவளுக்கு இல்லை, கோர்ட்டில் போய்ப் பதிவு பண்ணிக்கொண்டவளுக்கு. பேர் மரிசோல். இருபது வயது. மெக்சிகோ வம்சம். பேக்கரியில் வேலை. இவ்வளவையும் நான் சார்ஜன்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஒரு வருஷமாகத் தெரியும்.

அவர்கள் சர்ச் கல்லறையில் புதைத்துவிடுவாள் என்று பயந்து போனேன். என் பிள்ளையை நான் எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, எங்கள் முறைப்படி எரிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக யார் காலில் விழவும் தயார், யார் கழுத்தைப் பிடிக்கவும் தயார். அந்தப் பெண்ணிடம் இப்போதே பேசுங்கள் என்று வீலரைப் பிடித்து உலுக்காத குறை.

அவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். இங்கே, ஒகாயோவுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டாளாம். அவன் அம்மா எப்படிச் சொல்கிறார்களோ அப்படி என்றாளாம்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றால், எதிராளி வரவே இல்லை.

நவம்பர் 15, திங்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் ஒரு பையன் செத்துப்போனால் அப்படியே எரிக்கமாட்டார்கள். வாழைக்கன்று ஒன்றைப் பெண்ணாக வைத்து, அவன் கையால் தொட வைத்த மஞ்சள் கயிற்றை அதற்குத் தாலியாகக் கட்டி, பிறகு வாழையை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள். அந்தக் குறையோடு போகக்கூடாது என்பதற்காக. என் சின்ன மாமாவுக்குச் செய்து பார்த்திருக்கிறேன்.

நன்மாறனுக்கும் செய்ய வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"அவனுக்குத்தான் கண்ணாலம் ஆயிருச்சே கோதை" என்றார்.

"ஆரு பாத்தா? நீங்க பாத்தீங்களா?"

"போட்டோ அனுப்பியிருந்தான்."

அது கல்யாணம் இல்லை, கிரேட் கேன்யன் சுற்றிப் பார்க்கப் போன மாதிரி ஒரு போட்டோ என்றேன். பெற்றவள் இல்லாமல், தாலி இல்லாமல், ஒரு சுமங்கலி அட்சதை போடாமல் நடந்ததை என்னால் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. இவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உன்னைய சமாதானம் பண்ணிட்டு இங்க வந்து முறைப்படி தாலி கட்டறேன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லியிருந்தான். கொஞ்சம் பொறு சாமி, அம்மா கோவம் ஆறட்டும்னு நாந்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். சொன்னா நீ வூட்டை ரெண்டாக்கிப்போடுவே."

அப்படியானால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், தாலி இன்னும் கட்டவில்லை என்றேன்.

நவம்பர் 17, புதன்

ஒகாயோவில் நவம்பர் மாதம் வாழைக்கன்று. இந்தியக் கடையில் இலை மட்டும் இருக்கிறது, அதுவும் ஐஸ் பெட்டியில், முறித்தால் கண்ணாடி மாதிரி உடைகிறது. இவர் காலையில் கிளம்பியவர் இருட்டுகிற நேரத்தில் வந்தார். எங்கேயோ ஒரு நர்சரியில், கண்ணாடிக் கூரைக்குள், தொட்டியில் வைத்த வாழை. இடுப்பு உயரம். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிற ஜாதியாம். பூக்காது, காய்க்காது. விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்துப் போட்டேன்.

வேண்டாம் என்றவர்தான் தேடி அலைந்து வாங்கி வந்தார். சீட் பெல்ட் போட்டுப் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்திருக்கிறார், காற்றில் இலை கிழியக்கூடாது என்று. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 19, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சீயக்காய்ப் பொடியும் நல்லெண்ணெயும் பையில் எடுத்துக்கொண்டுதான் உடலை வைத்திருந்த ஃபியூனரல் ஹோமுக்குப் போனேன். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அந்த இடத்து மேனேஜர் சொன்னார். உரிமை உண்டு, ஆனால் வேண்டாம் என்றார். வீலரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தே, வேண்டாம் அம்மா என்று தலையசைத்தார். புது யூனிஃபார்ம் போட்டு, எல்லாப் பொத்தானையும் சரிபார்த்து வைத்திருக்கிறோம் என்றார். உள்ளே எதன்மேல் போட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பையின் வாயைத் திருகி மூடிக்கொண்டேன். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சீயக்காய் கண்ணில் பட்டால் கத்துகிற கத்து தெருவுக்கே கேட்கும்.

பெட்டியின்மேல் கொடி. தலைமாட்டில் ஒரு பையன் விறைப்பாக, கண் சிமிட்டாமல் காவல். தொட்டி வாழையை இவர் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தங்கமணி அக்கா மஞ்சள் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியை அதன் தண்டில் சுற்றினார். சங்கத்துப் பெண்கள் நாலு பேர். ஐயர் வரமாட்டேன் என்றுவிட்டார், அதுவும் நல்லதுதான்.

கயிற்றை அவன் கையில் தொடவைக்க வழியில்லை. பெட்டியிலாவது வைத்து எடுக்கலாம் என்று போனேன். கொடியின்மேல் எதையும் வைக்கக்கூடாதாம். வீலர் என்னைத் தடுக்கவில்லை. அவரே வந்து, வெள்ளைக் கையுறையோடு, கொடியின் ஓரத்தை மெல்ல மடித்துப் பிடித்தார். வெறும் பலகை தெரிந்த இடத்தில் மஞ்சள் கயிற்றை வைத்தேன். அந்த மனுஷனுக்கு என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அவள் வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து படைக்காரர்கள் கூட்டி வந்திருக்கிறார்கள். கறுப்பு உடை, ஒல்லியாக, முகம் வீங்கி. அவளோடு யாரும் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். இவர்தான் போய்க் கூட்டிவந்தார்.

வாழையைப் பார்த்தாள். சிவப்புத் துணியைப் பார்த்தாள். என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். இது என்ன என்று இவரிடம் காதோடு கேட்டாள். இவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, இது எங்கள் கல்யாணச் சடங்கு என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். விளக்கம் சொல்வதில் மன்னன் என்று முன்னே எழுதியிருக்கிறேன்.

அவள் முகம் மாறிய விதத்தை எப்படி எழுதுவது. அழுதுகொண்டே சிரித்தாள். அவன் சொல்லியிருந்தான் என்றாள், அம்மா ஒருநாள் செய்துவைப்பார்கள், மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு, நீ தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்று சொல்லியிருந்தான். நன்றி அம்மா என்றாள். அம்மா என்ற ஒரு வார்த்தை மட்டும் தமிழில், அவன் சொல்கிற மாதிரியே.

சொல்லிவிட்டு வாழைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூந்தலை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, என் முன்னால் கழுத்தைக் குனிந்தாள்.

தங்கமணி அக்கா என் முழங்கையைத் தொட்டார், கட்டச் சொல்லியா வேண்டாம் என்றா தெரியாது. அவள் கழுத்தில் ஒரு சின்ன மச்சம். பிடரியில் மயிர் சரியாக ஒதுங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே காத்திருந்தாள்.

நான் திரும்பி வாழையில் கட்டினேன். மூன்று முடிச்சு.

கட்டி முடித்த பிறகும் அவள் நிமிரவில்லை. தனக்கு எப்போது என்று காத்திருந்தாள். இவர் போய் அவள் தோளில் கை வைத்தார். நிமிர்ந்து, வாழையைப் பார்த்து, ஓ என்று மட்டும் சொன்னாள். பெண்ணுக்குப் பதிலாக மரத்துக்குக் கட்டுவதுதான் முறை போல என்று நினைத்துக்கொண்டாள், முகத்திலேயே தெரிந்தது. அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு வெட்ட வேண்டும். இவர் தோட்டத்துக் கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தார். தண்டு வழுக்கியது, இரண்டு மூன்று தடவை நசுக்க வேண்டியிருந்தது. அதை எதற்குக் கொல்கிறார்கள் என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை. நானும்தான்.

நவம்பர் 20, சனி

எரித்தாயிற்று. இங்கே ஒரு பொத்தானை அமுக்கச் சொல்கிறார்கள். இவர் அமுக்கினார்.

அதற்கு முன்னால் கொடியை முக்கோணமாக மடித்து, முழங்கால் போட்டு, முதலில் அவளிடம் கொடுத்தார்கள். அப்புறம் எனக்கு வேறொன்று. பெட்டிமேல் இருந்தது அவளுக்கு, எனக்கு எங்கிருந்தோ எடுத்துவந்த ஒன்று.

நேற்று எல்லாரும் கிளம்புகிற சமயத்தில், குப்பைப் பையில் போட்டிருந்த வாழைத் துண்டுகளிலிருந்து அவள் அந்தக் கயிற்றை அவிழ்த்து எடுத்ததை நேற்று எழுதவில்லை. இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டாள். வெட்டிய வாழையில் இருந்ததைத் தொடவே கூடாது. தங்கமணி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் கோட்டைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவள் கயிற்றைக் கழுத்தில் முன்பக்கமாக முடிந்து, முடிச்சைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். அதோடுதான் இன்று கொடியை வாங்கினாள்.

சாம்பலில் கொஞ்சம் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கொஞ்சம் என்றாள். கொடுத்தோம்.

டிசம்பர் 14, செவ்வாய்

அக்டோபர் கடைசியில் அனுப்பிய பொடி திரும்பி வந்திருக்கிறது. பெட்டியின் மூலை நசுங்கி, மேலே ஏதோ முத்திரை. பிரித்துப் பார்த்தேன். கெடவில்லை. மதியம் சோற்றில் போட்டு, எண்ணெய் ஊற்றிப் பிசைந்து, இரண்டு பேரும் சாப்பிட்டோம். இவர் பாதியில் எழுந்து போய்விட்டார். நான் தட்டைக் காலி செய்துவிட்டு அவருடையதையும் சாப்பிட்டேன்.

2011 ஜனவரி 2, ஞாயிறு

காலை பத்துக்கு போன் அடித்தது. அவள்தான். டிசம்பரிலிருந்து இதே நேரத்துக்குக் கூப்பிடுகிறாள், இவர் பேசுகிறார், நான் கவனிக்காத மாதிரி இருக்கிறேன். அம்மா இருக்கிறார்களா என்று கேட்டாளாம். இவருக்குப் பழக்கதோஷம். க்ளாஸ் எடுக்கப் போயிருக்கிறாள் என்றுவிட்டார்.

ஜனவரி 15, சனி

சங்கத்துப் பொங்கல் விழா. நன்மாறன் படத்துக்கு மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். இரண்டு வருஷமாக எதை மறைத்தேனோ அதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடினார்கள், வடை தீர்ந்துவிடும் என்று.

தங்கமணி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். அந்தப் பெண்ணை கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து எழுதிவிட்டாராம். படத்தில் பார்த்தால் இன்னும் அந்தக் கயிறு கழுத்தில் இருக்கிறதாம். "அறியாத புள்ள, ஆராச்சும் எடுத்துச் சொல்லோணுமில்ல" என்றார். வாழை எதற்கு, ஏன் வெட்டுகிறோம், தாலியைக் கழற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருக்கிறார். இங்கிலீஷில், தப்பில்லாமல் இருக்க மகனிடம் காட்டித் திருத்தி.

அவர் கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பேன். கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை.

ஜனவரி 16, ஞாயிறு

பத்து மணி. போன். இவர் கையை நீட்டுவதற்குள் நான் எடுத்துவிட்டேன். ஹலோ என்றேன். அம்மா? என்றாள்.

அழவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள். தங்கமணி ஆன்ட்டி எழுதியிருக்கிறார், அந்தச் செடி கல்யாணம் ஆகாதவர்களுக்காகச் செய்வது என்று. அது நிஜமா என்றாள்.

நிஜம் என்று சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்காது. எனக்கு அந்தக் குனிந்த கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

"அவனுக்குக் கல்யாணம் ஆயிருந்தது" என்றேன். தமிழில் வந்துவிட்டது. திரும்பவும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, உன்னோடு. அந்த வாழை என் வேலை. வைத்திருக்கக்கூடாது.

இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்படியானால் கயிற்றை நான் எப்போது கழற்ற வேண்டும் என்று கேட்டாள். யார் சொல்லியும் கழற்றாதே, நான் சொன்னாலும் கழற்றாதே, உனக்கே தோன்றுகிற அன்றைக்குக் கழற்றிக்கொள் என்றேன். சரி என்றாள். பேக்கரியில் நேரமாகிறது என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

வைப்பதற்கு முன்னால் தயங்கிவிட்டு ஒன்று சொன்னாள். இனி வேறு நாளில் கூப்பிடட்டுமா, உங்களுக்கு எது வசதி? ஞாயிறு காலையில் உங்களுக்கு வகுப்பு இருக்கும், அதனால்தான் அம்மா பேச முடிவதில்லை என்று அவன் எப்போதும் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடு என்றேன்.

தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைதான். அவன் அங்கே பத்து வருஷம் படித்தவன்.